வெறுங்கால் வழக்கு

அந்த டிரைவர் காலைப் பாரும்மா. பயப்படாம பாரு, அவனுக்குத் தெரியாது. பாத்தியா? செருப்பைக் கழட்டி ஓரமாத் தள்ளிட்டு வெறுங்காலால மிதிக்கான். அம்பது பேரு உசிரு அந்த அஞ்சு விரல்ல இருக்கு. கண்டக்டர் பாக்கான், கேக்கானா? கேக்கல. நீ இப்போ பாத்தே, கேட்டியா? கேக்கல. நான் கேட்டேன். ஏறும்போதே கேட்டேன். "தம்பி, பாதரட்சை இல்லாம இவ்வளவு பெரிய வாகனத்தை ஓட்டலாமா?"ன்னு. என்ன சொன்னான் தெரியுமா? "பெரியவரே, உங்க செருப்பைப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க"ன்னான். அந்தா, பின்னால ஒருத்தன் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கான். சிரிக்கட்டும். சட்டம் தெரியாதவனுக்குச் சிரிப்புதானே வரும்.

வேற சீட்டு இல்ல, அதான் இங்ஙன உக்காந்துட்டேன். தப்பா நெனைக்காத. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். நீ தென்காசிக்குத்தானா? நானும் தென்காசிக்குத்தான். என் காரை எடுத்துட்டு வரப் போறேன். ஆமா, சொந்தக் கார். கார் வச்சிருக்கவன் எதுக்கு பஸ்ல வாரான்னு பாக்கே. உன் முகத்துலயே தெரியுது. சொல்லுதேன், கேட்டுக்க. நீயும் நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகப் போறவ. தெரிஞ்சு வச்சுக்கிடுறது நல்லது.

நான் கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்து ரிட்டயர் ஆனவன். சிரஸ்தார்னா தெரியுமா? ஜட்ஜுக்கு அடுத்தபடியா ஆபீசை நடத்துதவன். ஜட்ஜு மாறிப் போவாரு, வக்கீல் செத்துப் போவாரு, சிரஸ்தார் இருப்பான். முப்பத்தாறு வருஷம். ஒரு மனுவுல ஒரு பக்கத்துக்கு நம்பர் போடாம விட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிருவேன். "சிரஸ்தார் கண்ணுல படாம கொசு கூட கோர்ட்டுக்குள்ள போவாது"ம்பாங்க. அப்பேர்ப்பட்டவனுக்கு வாய்ச்சவ எட்டாங்கிளாஸ். உலகம்மாள்னு பேரு. தென்காசிக்காரி. என் காரு இப்போ அவ தங்கச்சி வடிவு வீட்டு வாசல்ல நிக்கி. இன்னியோட இருவத்திமூணு நாள் ஆச்சு.

அவளா? அவளும் அங்ஙனதான் இருக்கா. நான் காரைப் பத்திப் பேசுதேன்.

காரு வந்த அன்னிக்கே சொல்லிட்டேன். இதுக்குள்ள செருப்புக்கால் படக்கூடாது. வீட்டுக்குள்ள செருப்போட போவமா? எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வச்சு, மாலை போட்டு எடுத்த வண்டி. அதுக்குள்ள கண்டதையும் மிதிச்ச செருப்போட ஏறுவாங்களாம். சீட்டுல கம்பெனிக்காரன் மாட்டி விட்ட பிளாஸ்டிக் உறையையே நான் இன்னும் பிரிக்கல. ரெண்டு வருஷம் ஆச்சு. வெயில்ல உக்காந்தா முதுகுல கொஞ்சம் ஒட்டும். ஒட்டட்டுமே. ஏறுறதுக்கு முன்னால எல்லாரும் செருப்பைக் கழட்டி ஒரு மஞ்சப்பையில போடணும், பையை டிக்கியில வைக்கணும், இறங்குனதும் எடுத்து மாட்டிக்கிடணும். இதுல என்ன கஷ்டம்? நீயே சொல்லு.

எனக்கு ஓட்டத் தெரியுமான்னுதானே கேக்கப் போறே? விதியெல்லாம் தெரியும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சேவியருக்கே நான்தான் பாதி சொல்லிக் குடுத்தேன். படிக்கப் போகும்போது அவளையும் கூட்டிட்டுப் போனேன், பையைப் பிடிச்சுக்கிட, தண்ணி எடுத்துக் குடுக்க. பின் சீட்டுல பேசாம உக்காந்திருப்பா. ஒரு நாள் சேவியர் "சார், பிரேக், பிரேக்"ங்கான். நான், "இருப்பா, இந்த முக்குல வலதுபக்கம் வாரவனுக்கு முன்னுரிமை உண்டா இல்லையா, அதை முதல்ல சொல்லு"ங்கேன். அவன் பதிலைச் சொல்லணுமா இல்லையா? சொல்லல. அதுக்குள்ள வண்டி இளநிக் கடைக்குள்ள போயிருச்சு. கடைக்காரன் குதிச்சுட்டான். இளநிதான் உருண்டுச்சு. ஒரு உயிர்ச்சேதமும் இல்ல. பத்தாம் நாள் சேவியர் சொல்லுதான், "சார், நீங்க கொஞ்ச நேரம் பின்னால உக்காருங்க. அம்மா, நீங்க சும்மா ஒரு தடவை முன்னால வாங்க." சும்மான்னுதான் சொன்னான். இவ போயி உக்காந்தா. செருப்பைப் பைக்குள்ள போட்டுட்டுத்தானே உக்காரணும், என் வண்டி விதிக்குப் பழகுனவள்லா? அங்கயும் வெறுங்காலோடதான் உக்காந்தா. மெதுவா மிதிச்சா, மெதுவா விட்டா, வண்டி வெண்ணெய் மாதிரி நகருது. சேவியர் என்னையத் திரும்பிப் பாத்து, "அம்மா காலுக்கு அளவு தெரியுது சார்"ங்கான். எனக்கு அளவு தெரியாதுன்னு அதுக்கு அர்த்தம். எனக்குப் புரியாதுன்னு நெனைச்சிருக்கான்.

லைசன்ஸ் டெஸ்ட்டு ரெண்டு தடவை போனேன். இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னான். எந்த விதியின் கீழ்னு கேட்டேன். அவனுக்குப் பிடிக்கல. பிடிக்காதுல்லா? அவ ஒரே தடவையில வாங்கிட்டா. பொம்பளைன்னு பாவம் பாத்துக் குடுத்தது.

சரி, வாங்கிட்டா. ஓட்டட்டும்னு விட்டுட்டேன். பெருந்தன்மை. நான் பக்கத்துல உக்காந்து சொல்லுவேன், அவ ஓட்டுவா. "இடது", "வலது", "லாரி வாரான்", "மாடு நிக்கி", எல்லாம் நான்தான் சொல்லுவேன். கண்ணு தெரியாதவ மாதிரி நெனைச்சுக்கிட்டுச் சொல்லுவேன். ஒரு தடவையாவது, நீங்க சொன்னதாலதான் பத்திரமாப் போய்ச் சேந்தோம்னு சொல்லியிருப்பாளா? அது கிடையாது.

கோவில்பட்டியில என் சித்தப்பா பேரனுக்குக் கல்யாணம். நான், அவ, என் தங்கச்சி, தங்கச்சி மாப்பிள்ளை நாலு பேரும் கிளம்புனோம். வாசல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டியாச்சு. வண்டியில ஏறியாச்சு. பையில எடுத்துப் போடுறது தங்கச்சி மாப்பிள்ளை பொறுப்பு, நான் வாய்மொழியாச் சொல்லியிருந்தேன். அவரு மறந்துட்டாரு. கோவில்பட்டி மண்டபத்துல போயி டிக்கியைத் திறந்தா, பை காலி. நாலு சோடி செருப்பும் பாளையங்கோட்டையில எங்க வீட்டு வாசல்ல ரோட்டைப் பாத்து வரிசையா நிக்கி. பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, வெறுங்கால். பொண்ணு வீட்டுக்காரர் ஒருத்தர் என் காலைப் பாத்துட்டுக் கேக்காரு, "ஏதும் வேண்டுதலா அண்ணாச்சி?" ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல? உடனே கேசரி, இலைச் சாப்பாட்டுக்கெல்லாம் பதிலா எனக்குப் பழத்தை வைக்கச் சொல்லிட்டாரு, விரதம்னு. இவ என்ன செஞ்சா தெரியுமா? வண்டிக்குத் திரும்பி வந்து, ஸ்டியரிங்குல தலையைக் கவுத்துக்கிட்டுச் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. முப்பத்திநாலு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது கிடையாது. புருஷன் பட்டினி கிடந்தா பொண்டாட்டிக்கு அவ்வளவு சிரிப்பு.

நீயும் சிரிக்கே. பரவால்ல, சிரி. சின்னப் பிள்ளை.

இனிமேதான் சட்டம் வருது. காலையில மைதானத்துல நாங்க நாலஞ்சு பேர் நடப்போம். எல்லாரும் ரிட்டயர் ஆனவங்க. அதுல கருவூலத்துல இருந்த நவநீதன் ஒரு நாள் போனைக் காட்டுனாரு. "வெறுங்காலில் கார் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம். அனைவருக்கும் பகிரவும்"னு போட்டிருக்கு. மேல சிங்க முத்திரை. சிங்கம் போட்டு வந்தா அது அரசாங்கம்தானே? எனக்கு வேர்த்துப் போச்சு. ரெண்டு வருஷமா என் வீட்டு வாசல்ல இருந்து ஒரு குற்றவாளி தினமும் என்னைய வச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா. நானும் உடந்தை.

வீட்டுக்கு வந்து மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிச்சேன். ரெண்டு தடவை. கண்ணாடி மாத்திப் போட்டுக்கிட்டும் படிச்சேன். அதுல இல்ல. ஒரு புஸ்தகத்துல இல்லைன்னா சட்டமே இல்லைன்னு ஆயிருமா? ஏதாவது துணை விதியில இருக்கும், அரசாணையில இருக்கும், சுற்றறிக்கையில இருக்கும். முப்பத்தாறு வருஷ அனுபவத்துல சொல்லுதேன், இல்லாத சட்டம்னு ஒண்ணு கிடையாது, தேடத் தெரியாத ஆள்தான் உண்டு. உடனே தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனுப் போட்டேன். "காலணியின்றி நான்கு சக்கர வாகனம் ஓட்டுவதைத் தடை செய்யும் விதி எது, அதன் நகல் வேண்டும்." ரசீதும் வாங்கி வச்சுட்டேன்.

அவகிட்ட சொன்னேன், "இனிமே நீ ஷூ போட்டுத்தான் ஓட்டணும்." என்ன கேக்கா தெரியுமா? "நீங்கதானே வண்டிக்குள்ள செருப்பே ஆவாதுன்னீங்க?"

"அது பயணிகளுக்கு. நீ டிரைவர். டிரைவருக்கு வேற விதி."

"ஒரே வண்டிக்கு ரெண்டு விதியா?"

எட்டாங்கிளாஸ்காரி கேக்குற கேள்வியைப் பாரு. ஒரே கோர்ட்டுல சிவில் வேற, கிரிமினல் வேற நடக்கலியா? சொன்னா விளங்கவா போவுது? கடைக்குப் போயி நானே ஷூ வாங்கிட்டு வந்தேன். வெள்ளைக் கேன்வாஸ். அஞ்சாம் நம்பர். பொம்பளைகளுக்கு அஞ்சாம் நம்பர்தானே? ஒரு ஒழுங்கும் வகுத்துக் குடுத்தேன். அந்த ஷூ ரோட்டுல படவே கூடாது. வீட்டுல இருந்து வெறுங்காலோட வந்து, கதவைத் திறந்து சீட்டுல உக்காந்து, காலைத் துணியால துடைச்சு, அப்புறம் ஷூவை மாட்டணும். இறங்கும்போது ஷூவை வண்டியிலேயே கழட்டி வச்சுட்டு வெறுங்காலோட இறங்கணும். வண்டியிலயும் மண்ணு ஒட்டாது, சட்டமும் மீறாது. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல வழி கண்டுபிடிச்சிருக்கேன் பாத்தியா? இதை எவனாவது யோசிச்சிருப்பானா?

ஆனா ஷூ போட்டதுல இருந்து வண்டி குதிரை மாதிரி குதிக்க ஆரம்பிச்சுருச்சு. சமாதானபுரம் சிக்னல்ல மூணு தடவை நின்னு போச்சு. பின்னால ஹாரன். ஆட்டோக்காரன் ஒருத்தன், "அக்கா, பக்கத்துல இருக்க பெரியவரை இறக்கித் தள்ளச் சொல்லுங்க"ன்னு கத்துதான்.

"காலுக்குத் தெரிய மாட்டேங்கு"ங்கா இவ. "வண்டி என்ன சொல்லுதுன்னு காலுக்குத் தெரியணும்ங்க."

"காலுக்குத் தெரிய வேண்டாம். சட்டத்துக்குத் தெரியும். ஓட்டு"ன்னேன்.

ஓட்டுனா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் ஓட்டுனா. பெருவிரல் நகம் கறுத்துப் போச்சு போல, ராத்திரி மஞ்சள் அரைச்சு வச்சுக் கட்டிக்கிடுவா. அவ கால் ஏழாம் நம்பராம். எனக்கு யாரு சொன்னா தெரியுமா? இப்போ போன வாரம் அவ தங்கச்சி மாப்பிள்ளை போன்ல சொல்லுதாரு. "அத்தானுக்கு அக்கா கால் அளவு தெரியாதா?"ன்னு ஒரு கேள்வி வேற. முப்பத்திநாலு வருஷம் கூட இருந்தவ, தன் கால் ஏழாம் நம்பர்னு ஒரு நாள் சொல்லியிருப்பாளா? செருப்பெல்லாம் அவளேதான் போயி வாங்கிக்கிடுவா. நான் எங்க பாத்தேன்? தகவல் தராம ஒளிச்சது அவ குத்தம்.

அப்போதான் தென்காசியில வடிவு புது வீட்டுக்குப் பால் காய்ப்பு வந்தது. காலையில கிளம்புனோம். சீதபற்பநல்லூர் தாண்டுனதும் ஷூவைக் கழட்டிட்டா. ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே இல்ல, அதுல சரியாத்தான் இருந்தா, ஓரமா நிறுத்தித்தான் கழட்டுனா. "விரல்ல ரத்தம் வருது. நீங்க என்ன வேணாலும் சொல்லிக்கிடுங்க"ன்னா. நான் சொன்னேன். ஆலங்குளம் வர்ற வரைக்கும் சொன்னேன். அவ ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் பேசுதது காதுல விழுதா இல்லையான்னே தெரியாத மாதிரி ஒரு முகம் வச்சிருப்பா. அதுதான் எனக்கு ஆவாது.

ஆலங்குளத்துக்கு இந்தப் பக்கம் போலீஸ் செக்கிங். எஸ்.ஐ. சின்னப் பையன், முப்பது வயசு இருக்கும். லைசன்ஸ் கேட்டான், குடுத்தா. ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் குடுத்தா. எல்லாம் சரியா இருக்கு, "போங்கம்மா"ன்னு கையைக் காட்டிட்டான். நான் கண்ணாடியை இறக்கி, "சார், ஒரு நிமிஷம்"ன்னேன்.

"சொல்லுங்க பெரியவரே."

"இந்த வாகன ஓட்டுநர் காலணி இல்லாம ஓட்டுதாங்க. நீங்க கவனிக்கல. பதிவு செய்யணும்."

குனிஞ்சு உள்ள பாத்தான். "டிரைவர் உங்களுக்கு யாரு சார்?"

"என் வீட்டம்மா."

அப்புறம் ஜீப்புல சாஞ்சுக்கிட்டு இருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "அண்ணே, இங்க வாங்க, இவரு சொல்லுததைக் கேளுங்க"ன்னான். ரெண்டு பேரும் சிரிக்கானுவ. யூனிஃபார்மோட சிரிக்கானுவ. சிரிச்சு முடிச்சுட்டுச் சொல்லுதான், "சார், அப்படி ஒரு கேஸு எங்ககிட்ட இல்ல. ஆனா நீங்க பெல்ட் போடல. அதுக்குக் கேஸு இருக்கு." கஞ்சி போட்ட சட்டை கசங்கிரும்னு நான் பெல்ட் போடுறதில்ல. ஓட்டுறவளுக்குத்தானே அது வேணும்? போட்டுட்டான், என் மேல கேஸை. சல்லிக்காசு பெறாத காரணத்துக்கு.

நான் விடுவனா? முப்பத்தாறு வருஷம். "புகாரை எழுத்து மூலமாக் குடுக்கேன், வாங்கிக்கிட்டு ரசீது குடும்"ன்னேன். இறங்குனேன். பால் காய்ப்புப் பத்திரிகை கையில இருந்தது, அதோட பின்பக்கத்துல, ஜீப்பு பானட்டு மேல வச்சு எழுத ஆரம்பிச்சேன். பானட்டு அடுப்பு மாதிரி சுடுது. அனுப்புநர், பெறுநர், பொருள். எதிரி பேரு உலகம்மாள், வயது அம்பத்தாறு. கணவர் பேருங்குற இடத்துல என் பேரையே எழுதுனேன். பாத்துக்க, நேர்மைன்னா அது. சொந்தக்காரின்னு நான் மறைக்கல.

இவ வண்டியை விட்டு இறங்கி வந்து பக்கத்துல நின்னா. சித்திரை வெயில். தாரு பளபளங்குது. வெறுங்காலோட நின்னா.

"என் பேரையா எழுதுதீங்க?"ன்னா.

"ஆமா."

"படிச்சுக் காட்டுங்க."

படிச்சேன். நிறுத்தி நிதானமா, கோர்ட்டுல வாசிக்கிற மாதிரி வாசிச்சேன். எஸ்.ஐ. சிரிப்பை நிறுத்திட்டான். அப்போதான் அவனுக்கு விஷயத்தோட கனம் தெரிஞ்சிருக்கு. இவ முழுசாக் கேட்டா. ஒரு எழுத்து விடாமக் கேட்டா. கேட்டுட்டு, "வயசு அம்பத்தாறு இல்ல, அம்பத்தேழு"ன்னா.

திருத்திக்கிட்டேன். தப்பான வயசு இருந்தா மனு நிக்காது.

அப்புறம் அவ பாட்டுக்கு வண்டிக்குப் போனா. நான் வேண்டுகோள் பகுதிக்கு வந்துட்டேன், "ஆகவே கனம் அதிகாரி அவர்கள்" வரைக்கும் எழுதியிருப்பேன். வண்டி ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேட்டுச்சு. நிழலுக்கு நகத்துதா போலன்னு நெனைச்சேன். நிமுந்து பாக்கேன், வண்டி தென்காசி ரோட்டுல சின்னதாப் போய்க்கிட்டு இருக்கு. ஒரு குலுக்கல் இல்ல. ஒரு உதறல் இல்ல.

நான் ஏறலங்குறதையே கவனிக்கல பாத்தியா? பொம்பளை டிரைவிங்னா இதுதான். கவனக்குறைவு. பக்கத்து சீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னு ஒரு பார்வை பாக்க வேண்டாமா? இன்னியோட இருவத்திமூணு நாள் ஆச்சு, இன்னும் கவனிக்கல போல.

எஸ்.ஐ. வந்து என் தோள்ல கையை வச்சான். "சார், எதிரி தப்பிச்சிட்டாங்க"ன்னான்.

என் செருப்பு டிக்கியில, மஞ்சப்பையில. அதுவும் போச்சு. கான்ஸ்டபிள் ஜீப்புல கிடந்த ரப்பர் செருப்பை எடுத்து நீட்டுனான். நான் வாங்கல. காவல்துறைகிட்ட இருந்து ஒரு புகார்தாரர் அன்பளிப்பு வாங்குறது முறை இல்ல. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். நடந்தேன்னு சொல்லக்கூடாது, தவ்வித் தவ்விப் போனேன். ஒரு டீக்கடைக்காரன், "எந்தக் கோயிலுக்கு சாமி?"ங்கான். வீட்டுக்குப் போயி மூணு நாள் காலைக் கீழ வைக்க முடியல. கொப்புளம். வெந்நி வச்சுக் குடுக்க ஆள் இல்ல. அடுப்பைப் பத்த வைக்குற லைட்டரை எங்க வச்சிருக்கான்னே தெரியல. எல்லாத்தையும் எங்கயாவது வச்சிருவா, அதுதான் அவ ஒழுங்கு.

ஓசூர்ல இருந்து பையன் கணபதி போன் போட்டான். "அப்பா, அம்மாகிட்ட ஒரு ஸாரி சொல்லிருங்க." எந்தப் பிரிவின் கீழ்னு கேட்டேன். போனை வச்சுட்டான். வடிவு பேசுனா, "அத்தான், அக்கா நல்லா இருக்கா. இந்தத் தெருவுல நாலு பொம்பளைங்களுக்கு வண்டி சொல்லிக் குடுக்கா. காலையில ரெண்டு பேரு, சாயங்காலம் ரெண்டு பேரு"ன்னா. சொல்லிக் குடுக்காளாம்! லைசன்ஸ் வாங்கி முழுசா ரெண்டு வருஷம் ஆவல, ஊருக்கு வாத்தியாரு. யாரைக் கேட்டுச் சொல்லிக் குடுக்கா? யார் வண்டியில? அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கூட பிரிச்சுப் போட்டுட்டாளாம். வடிவுதான் சொன்னா, "இப்போ உக்காந்தா ஒட்டல அத்தான்"னு.

இப்போ எந்த ஊரு வருது? ஆலங்குளமா? அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடும்மா. வெயில் அடிக்கி. அந்தப் பக்கம் அடிக்கலையா? சரி, தூசி வருது. இறக்கி விடு.

...தாண்டிட்டோமா? சரி, ஏத்திக்க.

நான் வெறுங்கையோட போகல. இந்தா பாரு. முந்தாநாள் வந்தது, பதிவுத் தபால்ல. தகவல் உரிமை மனுவுக்குப் பதில். படி. நீ படிச்ச பிள்ளைதானே, சத்தமாப் படி. "தாங்கள் கோரிய பொருள் குறித்த விதி எதுவும் இவ்வலுவலக ஆவணங்களில் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது." பாத்தியா? கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருக்கு. என்ன சொல்லுதே? அப்போ அவ ஓட்டுனது தப்பில்லைன்னு அர்த்தமா? நீயுமா? நல்லாப் படி. இந்த ஆபீஸ் ஆவணத்துல இல்லைன்னுதான் சொல்லுதானே தவிர, ஓட்டலாம்னு எங்கயாவது சொல்லியிருக்கானா? சொல்லல. மேல்முறையீடு இருக்கு. இதைக் கொண்டுபோயி அவகிட்ட காட்டி, "பாரு, அரசாங்கமே உனக்கு ஆதரவா ஒரு வார்த்தை எழுதல"ன்னு சொல்லணும்.

சொல்லிட்டுக் காரை எடுத்துட்டு வரணும்.

எப்படி எடுத்துட்டு வருவேன்னு கேக்கே. நல்ல கேள்வி. அவதான் ஓட்டணும். வேற யாரு ஓட்டுவா?

பாவூர்சத்திரம் வந்துட்டுதா. இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும் என்ன? உங்கிட்ட போன் இருக்கா? எங்கிட்டயும் இருக்கு. சார்ஜ் எல்லாம் இருக்கு. அது வந்து, என் நம்பர்ல இருந்து போட்டா அவ எடுக்க மாட்டா. அடிச்சு முடியும் வரைக்கும் அடிக்கும். காது கேக்காதவ இல்ல, பிடிவாதம். நான் வாரேன்னு அங்ஙன யாருக்கும் தெரியாது. திடீர்னு போயி நின்னா நல்லா இருக்காதுல்லா? முன்னறிவிப்புங்குறது ஒரு முறை. நீ ஒரு போன் போடு. நம்பர் சொல்லுதேன், மனப்பாடம்தான். நான் பேசல, நீயே பேசு. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாத. இல்ல, சொல்லு. வேண்டாம், சொல்லாத. பஸ்ல ஒரு பெரியவர் இருக்காரு, தென்காசி பஸ் ஸ்டாண்டுல இறங்குவாருன்னு மட்டும் சொல்லு. காகிதத்தைப் பத்திச் சொல்லாத. அது நேர்ல.

அடிக்குதா? ...எடுத்துட்டாளா? பேசு, பேசு.

என்ன சொன்னா? இரு, அவசரப்படாத. வார்த்தைக்கு வார்த்தை சொல்லு. சுருக்கக்கூடாது. நீ "ஒரு பெரியவர்"ன்னு சொன்னதுமே "அவரா"ன்னு கேட்டாளா? பேரைக் கேக்காமலேயா? சரி. அப்புறம்? "கால்ல கொப்புளம் ஆறிருச்சா"ன்னு கேட்டாளா? அவளுக்கு எப்படித் தெரியும்? வடிவுதான் சொல்லியிருப்பா. நீ என்ன சொன்னே? தெரியாதுன்னா? ஆறிருச்சுன்னு சொல்லக்கூடாதாம்மா? சரி, விடு. அப்புறம்? கடைசியா என்ன சொன்னா?

"அங்ஙனயே நிக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதானா? "வாரேன்"னு சொல்லலையா? வச்சுட்டாளா? இன்னொரு தடவை சொல்லு. "அங்ஙனயே நிக்கச் சொல்லுங்க." இதுல "போகச் சொல்லுங்க"ன்னு இல்ல, கவனிச்சியா? "நிக்கச் சொல்லுங்க." ஒருத்தனை ஒரு இடத்துல நிக்கச் சொன்னா, இன்னொருத்தர் அங்க வரணும்ல? வராத இடத்துல யாரையாவது நிக்கச் சொல்லுவாங்களா? நீ சொல்லு, நீதானே நேரடியாக் கேட்ட சாட்சி. கோவமாச் சொன்னாளா? சாதாரணமாத்தானே? வேலை மும்முரத்துல சொல்லியிருப்பா. பக்கத்துல யாருக்காவது வண்டி சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருப்பா. "கிளட்சை விடாதீங்க"ன்னு நடுவுல யார்கிட்டயோ சொன்னாளா? பாத்தியா, அதான் சொன்னேன்.

எவ்வளவு நேரம் நிக்கணும்னு சொன்னாளா? நீ கேக்கலையா?

சரி, பரவால்ல. நான் நிக்கேன்.